கல்யாண வஸ்திரம்

“இந்தக் கோலத்துல உள்ள விட முடியாதுப்பா. கல்யாணம் நடக்கப் போற சர்ச் இது.”

வாசலை மறித்துக்கொண்டு நின்றார் மணப்பெண்ணின் பெரியப்பா. ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் நடத்துபவர். நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் எப்போதும் பேசுவார்.

எதிரே நின்ற ஆளுக்குக் கழுத்து முதல் கால் வரை சேறு. போட்டிருப்பது துணியா, சாக்கா என்றே தெரியவில்லை.

“மாப்பிள்ளைதாங்க கண்டிப்பா வரணும்னு சொன்னாரு” என்றான் தயங்கித் தயங்கி.

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வேதத்துல ஒரு ராஜா தன் மகனுக்குக் கல்யாண விருந்து வெச்சானே, கேட்டிருக்கியா? ஒருத்தன் கல்யாண வஸ்திரம் இல்லாம வந்து உட்கார்ந்தான். அவனைப் பிடிச்சு வெளிய தள்ளச் சொன்னான் ராஜா. நான் தள்ளலை, வாயாலதான் சொல்றேன். போயிடு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூடப் பெரியப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் குனிந்த தலை மனத்தை என்னவோ செய்தது. உள்ளே போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை மெல்லச் சொன்னார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “ராஜாவே எல்லாருக்கும் வாசல்ல வஸ்திரம் குடுத்தான், அந்த ஒருத்தன்தான் திமிர்ல அதை வாங்கிப் போட்டுக்கலைன்னு பாடம் எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“அந்த ஆளுக்கு நீங்க வாசல்ல என்ன குடுத்தீங்க?”

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்ன வசனம் தனக்கு மட்டும் உறைக்கவில்லையே என்று கூசிப் போனார். அவனைக் கையோடு கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தால்தான் இனி பாடம் எடுக்க வாய் வரும் என்று தோன்றியது. எழுந்து தெருமுனை வரை ஓடிப் பார்த்தார். ஆளைக் காணோம்.

மூச்சு வாங்கத் திரும்பியபோது சர்ச்சுக்குள் ஒரே சலசலப்பு. பின்வாசல் வழியாகத் தாமதமாக வந்து, போதகர் அறையில் இருந்த மாப்பிள்ளை, ஒருவர் வராமல் கல்யாணத்தை ஆரம்பிக்கக் கூடாது என்கிறானாம்.

“அப்படி யாரு வரணுமாம்?” என்று அவர் கேட்பதற்குள் மாப்பிள்ளையே வாசலுக்கு வந்துவிட்டான்.

“மாமா, இங்க நீங்கதானே நின்னீங்க? ஒருத்தர் வந்தாரா? வர்ற வழியில வண்டி பள்ளத்துல இறங்கி, நான் சேத்துல விழுந்து புரண்டுட்டேன். எந்த முகத்தோட கல்யாணத்துக்குப் போறதுன்னு நின்னப்போ, ரோட்டுல போன ஒருத்தர் தன்னோட உடுப்பையே கழட்டிக் குடுத்துட்டாரு. இதோ, நான் போட்டிருக்கறது அவரோடதுதான்.”

“ஆளு… எப்படி இருப்பாரு?” என்றார் பெரியப்பா.

“சேறா இருக்கும் மாமா. ஆனா அவர் போட்டிருக்கறது என்னோட கல்யாணக் கோட்டு.”