இன்றைய பொட்டு

உலகப்படத்தில், அன்றைய செய்தி நடந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுத்தான் தவமணி டீச்சர் சமூக அறிவியல் பாடத்தையே தொடங்குவார். இன்று காலை செய்தி பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குண்டு விழுந்த அந்த வளைகுடாத் துறைமுகத்தில்தான் மூன்றாம் பெஞ்சு முகிலாவின் அப்பா கிரேன் ஓட்டுகிறார். விரல்நுனியில் ஒட்டிய பொட்டு ஆப்பிரிக்காவில் தயங்கியது, கடலுக்குப் போனது, திரும்பி வந்தது.

“இன்னிக்கு எங்க டீச்சர்?” என்றது வகுப்பு.

“இருங்கடி, கண்ணாடி எடுத்துட்டு வரல.”

கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

முகிலா எழுந்து வந்தாள். டீச்சரின் விரலிலிருந்து பொட்டை எடுத்து, மேசை மேலிருந்த பொட்டு அட்டையில் அது இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டினாள்.

“நாளைக்கு ஒட்டிக்கலாம் டீச்சர். அம்மா இன்னும் நியூஸ் பாக்கல.”