வெள்ளைத் தட்டு மறையும் ஆழம்

இதில் ஒரு சொல் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. மாதா கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்யலாம். பள்ளிவாசலுக்கோ பிள்ளையார் கோயிலுக்கோ கூப்பிட்டாலும் அங்கேயும் இதே சத்தியந்தான்.

செபஸ்தியாம்பிள்ளை தோணியின் விளிம்பில் குனிந்து, கயிற்றில் கட்டிய வெள்ளை எனாமல் தட்டை வாவிக்குள் இறக்கினார். ஒரு முழம் போவதற்குள் தட்டு காணாமற் போய்விட்டது. போன மாதம் அதே இடத்தில் இரண்டு முழத்துக்கும் பளிச்சென்று தெரிந்த தட்டு.

தூக்கி மறுபடி இறக்கினார். முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் இறக்கினார். தட்டு பிடிவாதமாக அதே இடத்தில்தான் மறைந்தது.

வாவியின் மேற்கே, படுவான்கரை வயல் வட்டைகளில் புதுரக நெல்லும் மூட்டை மூட்டையாக யூரியாவும் வந்திறங்கிய காலம் அது. மழைக்குப் பசளையெல்லாம் கழுவுண்டு வாவிக்கு வர, நெல்லுக்குப் போட்டதைப் பாசி தின்று கொழுத்தது. வாய்க்கால் வந்து விழும் இடத்தில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோலக் கிடந்து நாறியது.

அரசாங்க மீன்பிடிக் கந்தோர் அதிகாரி மர்சூக் ஐயா தட்டையும் கயிற்றையும் கொண்டுவந்து, இந்தக் கரையில் பொய் சொல்லாத ஆள் யார் என்று விசாரித்தார். எல்லாரும் செபஸ்தியாம்பிள்ளையைக் காட்டினார்கள். அன்றைக்கு மட்டும் அவர்களும் பொய் சொல்லவில்லை.

வேலை லேசு. தட்டு கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் கிழமைக்கொருதரம் கந்தோரில் போய்ச் சொல்லவேண்டும். ஆழம் குறைந்தால் பாசி கூடுகிறது என்று அர்த்தம். ஒரு சாணிலும் குறைந்தால் வாவியை மூடி, வலை தூண்டில் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிடுவதாக ஐயா சொல்லியிருந்தார்.

மூடினால் முதலில் அடுப்பு அணைவது செபஸ்தியாம்பிள்ளை வீட்டில்தான். மருமகன் வலையில் விழுகிற இறாலை மனைவி ஞானமலர் சந்தையில் விற்றுத்தான் அந்த வீடு சாப்பிட்டது.

தட்டு ஒரு முழத்துக்குள் மறைந்த அன்றைக்குக் கரையேறும்போது ஞானமலரின் அண்ணன் லூர்து வழிமறித்தார். வாவி கண்ணாடிபோலத் தெளிந்துவிட்டதாம். இறால் மண்ணில் நடக்கிற காலைக்கூட எண்ணலாமாம். ஊரே அப்படித்தான் சொல்லித் திரிந்தது. இத்தனை பேர் ஒரே பொய்யை இவ்வளவு ஒற்றுமையாகச் சொல்லிச் செபஸ்தியாம்பிள்ளை முன்பு கேட்டதில்லை.

"நான் கண்டதத்தான் சொல்லுவன், மச்சான்."

"சொல்லு, சொல்லு. மறுகா உன்ட பிள்ளையள் அந்தத் தட்டத்தான் நக்கோணும்."

தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுப் படலையடியில் கூடையோடு ஒருத்தி நின்றாள். பக்கத்து வீட்டு மார்கிறட்தான்.

"என்ன மார்கிறட், ஞானமலரிட்ட வந்தயா?"

"கட்டின பொஞ்சாதியையும் வாவி திண்டிட்டுதாக்கும்," என்று கூடையை இடுப்புக்கு மாற்றினாள் ஞானமலர்.

தலை நிறைய யோசனையோடு திரிகிற மனிதனுக்கு இப்படியெல்லாம் வரத்தான் செய்யும்.

தட்டு கிழமைக்குக் கிழமை மேலே ஏறிவந்தது. முக்கால் முழம், பிறகு ஒரு சாண். செபஸ்தியாம்பிள்ளைக்கு இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுத் தோணியைத் தள்ளுவார். இறக்குவார், தூக்குவார், இடம் மாற்றி இறக்குவார். ஒருநாள் நாலு விரலுக்குள்ளேயே தட்டு மறைந்தது. கந்தோருக்குப் போய், தன் வீட்டு அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றுகிறவர்போல, அதையும் சொல்லிவிட்டு வந்தார்.

வாவியை மூட முன்னம் தானும் ஒருதரம் பார்க்கவேண்டும் என்று மர்சூக் ஐயா ஜீப்பில் வந்திறங்கினார். உச்சி வெயில். கரை முழுக்கச் சனம். ஒருவரும் செபஸ்தியாம்பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு பேரும் தோணியில் நடுவாவிக்குப் போனார்கள்.

"கயிற இஞ்ச தாங்க அண்ணன். நான் இறக்கிறன், நீங்க பாத்துச் சொல்லுங்க."

செபஸ்தியாம்பிள்ளை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கு நனையும் அளவுக்குக் குனிந்தார். பொளுக்கென்று ஒரு சத்தம். உற்று உற்றுப் பார்த்தார். வெள்ளையாக ஒன்றையும் காணவில்லை. எங்கும் ஒரே மங்கல்.

"முடிஞ்சிது ஐயா," என்றார். "தண்ணியில பட்ட உடனயே மறைஞ்சிட்டு. வாவிய மூடுங்க."

மர்சூக் ஐயா குனிந்து அவர் கண்களை உற்றுப் பார்த்தார்.

"பாய்ஞ்சது மீன், அண்ணன். தட்டு இன்னும் என்ட கையில கிடக்கு."