எட்டாம் நம்பர் ஷூ

தேரடி வீதிச் செருப்புக் கடையில் டியூப்லைட் வெளிச்சம் முழுக்க பாலாஜியின் காலிலேயே விழுவதுபோல் இருக்கிறது. அலுவலக நண்பர்களோடு ஆற்றில் துடுப்புப் படகு விடப் போகிறான். அதற்குத்தான் இந்த ஷூ. கெட்டி ரப்பர் அடி, தண்ணீர் வடிய மேலே வலைத்துணி. "தண்ணில போடுறது கால கவ்விப் பிடிக்கணும் சார். லூசா இருந்தா ஆறு உருவிக்கினு போயிடும்" என்கிறார் கடைக்காரர். "இன்னிக்கு கால் வீங்கியிருக்கும், அளவு சரியா வராதுண்ணா" என்கிறாள் அவன் மனைவி கீதாஞ்சலி. "பொண்ணுக்கு ஜுரம் விட்டா கிரிவலம் வர்றதா வேண்டிக்கினோம். நேத்து ரெண்டு பேரும் வெறுங்கால்ல சுத்தினோம். கூட்டத்துல இவரு எனக்கு முன்னாடியே போய் முடிச்சிட்டாரு." அவள் பாதம் செருப்பு வாரை மீறிப் பிதுங்கியிருக்கிறது; குதிகாலில் கொப்புளம். அவனோ பாதி வழியிலேயே ஆட்டோ ஏறிவிட்டவன். அவளிடம் சொல்லவில்லை.

கடைக்காரர் அவனுடைய வழக்கமான எட்டாம் நம்பரை மாட்டிவிடுகிறார். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கச்சிதமாக உட்காருகிறது. பாலாஜி அவசரமாக உள்ளே விரல்களை மடக்கிக்கொள்கிறான். "இறுக்குது" என்கிறான். கீதாஞ்சலி வலியோடு மெல்லக் குனிந்து, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். விரல் இல்லாத முனை மெத்தென்று அமுங்குகிறது. அவள் கை அங்கேயே நிற்கிறது. அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வீங்கித்தான் இருக்குதுண்ணா" என்கிறாள், ஷூவைப் பார்த்தபடியே. "எட்டே குடுங்க. வடிஞ்சிடும்."