பத்துக்கு ரெண்டு

"இப்ப வலி எப்படி இருக்கு ஐயா? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்று கேட்டாள் டாக்டர் ஸ்வாதி.

"ரெண்டு போட்டுக்கோம்மா. அதுகூட சொம்மா ஒரு மரியாதைக்கு" என்றார் திருவேங்கடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காலையில் செருப்பு மாட்டக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன் இவர். பாரிவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது வேகத்தடைக்கு வேகத்தடை முனகிய மனுஷன். இத்தனை நாளும் தனியாகத்தான் செக்கப்புக்கு வந்துகொண்டிருந்தார். இன்றைக்கு முடியாது போலிருக்கிறதே என்றுதான் அவள் துணைக்கு வந்தாள்.

"குனிஞ்சு நிமிர முடியுதா ஐயா?"

"இன்னாம்மா இப்டிக் கேட்டுட்ட? ஷேர் ஆட்டோவையே தூக்கி ஓரமா வெப்பேன்."

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள்.

வெளியே வந்ததும், பெஞ்சில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உட்கார்ந்தார் திருவேங்கடம்.

"வயசுப் பொண்ணு கேட்டா வலிகூட ஓடிப் பூடுமா?" என்றாள் சாமுண்டி.

"கத்தாதம்மே. நாலு பேர் கீறாங்க."

"இருக்கட்டும். தாத்தாவாகப் போற வயசுல வாலிபன் வேஷம் கேக்குதா உனுக்கு? ஊட்ல வந்து ராவெல்லாம் முனகுறது எங்கிட்ட, ரெண்டு மார்க்கு அந்தப் பொண்ணுகிட்டயா?"

திருவேங்கடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊசி போட்டுட்டு மொததபா வந்தப்போ உண்மையத்தான் சொன்னேன். எட்டுன்னேன். அந்தப் பொண்ணு மூஞ்சியே சுருங்கிப் பூட்ச்சு. அப்பால மாத்திர வாங்கிகினு வரேன், படிக்கட்டாண்ட உக்காந்து போன்ல அவங்கம்மாகிட்ட அழுதுகினு கீது. இந்த ஊசிய வெச்சித்தான் அது பெரிய படிப்புக்கு ஆராய்ச்சி பண்ணுதாம். வேல செய்லன்னா அவ்ளோ கஷ்டப்பட்டதும் வீணாம்."

"அதுக்கு?"

"நம்ம பொண்ணு ராதிகா வயசும்மே அதுக்கு. நான் ரெண்டுன்னு சொன்னா எனுக்கு இன்னா கொறஞ்சிப் பூடும்? அந்தப் பொண்ணு ஒரு வேள சோறு நிம்மதியா துன்னும்."

சாமுண்டிக்குப் பாதிக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மீதிப் பாதி, அவர் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்த கையைப் பார்த்ததும் திரும்பி வந்தது.

"அது சோறு துன்னும். நீ ஷேர் ஆட்டோ ஓட்ட வாணாமா?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு நேராக டாக்டர் முன்னால் போய் நின்றாள். பின்னாலேயே "இந்தாம்மே, இந்தாம்மே" என்று தாங்கித் தாங்கி வந்தார் திருவேங்கடம்.

"டாக்டரம்மா, இவரு சொன்னது அத்தனையும் பொய்யி. எட்டுன்னு போட்டுக்கோ. நீ அழுவுவன்னுதான் மாத்திச் சொல்லிகினு கீறாரு. நீ அழுவாத கண்ணு. ஆனா இந்த மனுஷன் முதுவுக்கு எதுனா ஒரு வழி பண்ணு."

ஸ்வாதி இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"ஐயா, உங்க கையிலேர்ந்து ரத்தம் எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? வந்த எல்லார்கிட்டயும் எடுத்தோம். பாதிப் பேருக்கு அந்த ரத்தத்துலேர்ந்தே மருந்து பிரிச்சு, முதுகெலும்பு நடுவுல தேஞ்சுபோன டிஸ்க்குல ஊசியா போட்டோம். மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொல்வாங்க. கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொன்னேனே."

"சொல்லியிருப்ப. ஊசின்னதுமே எனுக்குக் காது அடச்சிகிச்சு" என்றார் திருவேங்கடம்.

"மருந்து போட்டவருக்கும் ரெண்டு, உப்புத் தண்ணி போட்டவருக்கும் ரெண்டுன்னா என்ன அர்த்தம்? மருந்தும் உப்புத் தண்ணியும் ஒண்ணுன்னு ஆயிடும். அப்பத்தான் என் ஆராய்ச்சி நிஜமாவே வீணாப் போகும். உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணியா இருந்து, நீங்க எட்டுன்னு சொன்னீங்கன்னா, அதுதான் ஐயா எனக்கு உதவி. உங்களுக்கும் அப்பவே வேற வைத்தியம் பார்த்திருப்பேன்."

திருவேங்கடம் தலையைக் குனிந்துகொண்டார்.

சாமுண்டிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, புருஷனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு, விடுங்க. நல்லவேளையா அம்மா வந்து சொன்னாங்க" என்று ஸ்வாதியே சமாதானம் சொன்னாள். ரெண்டை அழித்து எட்டு என்று மாற்றினாள். பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். "உங்க ஒருத்தர் கணக்குதானே, சரி பண்ணிடலாம். மத்தவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. கொஞ்ச நாளா ஒருத்தர்கூட ரெண்டைத் தாண்டலைன்னா பாருங்களேன்."

சீட்டை வாங்கிக்கொண்டு சாமுண்டி எழுந்தாள். திருவேங்கடம் எழவில்லை.

"இன்னாய்யா, புட்ச்சிகிச்சா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். கதவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், காதோரம் சொறிந்துகொண்டார்.

"டாக்டரம்மா, வெளிய உக்காந்துகினு கீறாங்களே, அவங்களையும் ஒவ்வொருத்தரா கூப்ட்டு இன்னொருதபா கேட்டுடும்மா. யார் கேட்டாலும் ரெண்டுன்னு சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்."