பதினோரு மின்னஞ்சல்கள்

பேராசிரியர் ஞானசிகாமணிக்குப் பல்கலைக்கழகம் மின்னஞ்சல் முகவரி கொடுத்து நான்கு வருடமாகிறது. ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் உட்கார்ந்த அன்றுதான் அதை முதன்முதலாகத் திறந்தார். அவரிடம் ஆய்வு செய்கிறவர்கள் நேரில் வந்து அறைவாசலில் நிற்க வேண்டும். அதுதான் அவர் வைத்திருந்த வழக்கம்.

"தேடுற இடத்துல தெரிஞ்சவங்க பேர் ஒண்ணு அடிச்சுப் பாருங்க சார்" என்றாள் பயிற்சி கொடுக்க வந்த ரெஜினா.

விரல் எந்தப் புத்தியில் அந்தப் பெயரை அடித்ததோ. மாசானமுத்து. போன ஆடியில் விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்ட அவருடைய ஆய்வு மாணவன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்திருந்தார். பையனின் அப்பா அவர் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

திரையில் அவன் அனுப்பிய பதினோரு மின்னஞ்சல்கள், படிக்காதவை என்பதால் தடித்த எழுத்தில் நின்றன. எல்லோரும் சாப்பிடப் போனபின் ஒவ்வொன்றாகத் திறந்தார். திறக்கத் திறக்க அவன் பெயர் மெலிந்துகொண்டே வந்தது. கடைசி மின்னஞ்சலில் இருந்தது இரண்டே வரி: "இன்றைக்கும் வாசலில் நின்றுவிட்டு வந்தேன் ஐயா. இதையாவது படியுங்கள்."

மதியம் சந்தேகம் கேட்கச் சொன்னபோது அவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"படிச்சதைப் படிக்காத மாதிரி மாத்த முடியுமாம்மா?"

ரெஜினா குனிந்து ஒன்றை மாற்றிக் காட்டினாள். மாசானமுத்துவின் பெயர் மறுபடி தடித்துக் கறுத்தது. மீதிப் பத்தையும் அவரே மாற்றினார்.

"பரவால்லையே, சட்டுனு பிடிச்சுக்கிட்டீங்க சார்" என்றாள்.