பி.டி. டீச்சர் நடக்கவில்லை

"ஐயோ... உயிர் போகுதே!"

"அம்மா, நான் இன்னும் காலைத் தொடவே இல்லை" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

"தொடப் போறீங்கன்னு தெரிஞ்சதுமே வலிக்குது தம்பி."

பிசியோ பல்லைக் கடித்துக்கொண்டார். கட்டிலில் படுத்திருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர். விசில் ஊதியே ஒரு பள்ளிக்கூடத்தை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். இப்போது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு, கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போவதற்குள் உலகத்தைச் சுற்றி வந்தவர் மாதிரி மூச்சு வாங்குகிறார்.

பிசியோவுக்கு இது மானப் பிரச்சினை. அவர் கைபட்டவர்கள் எல்லாம் ஊன்றுகோலை மூலையில் போட்டுவிட்டுக் கடைத்தெருவில் பேரம் பேசுகிறார்கள். டீச்சருக்குப் பின்னால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கூட நேற்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். டீச்சர் மட்டும் வாக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மகள் அதற்கு மேல். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் புகுந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறாள். ஆனால் பிசியோ உள்ளே வரும்போது அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவாள். கேட்டால், "மருந்துக் கடைக்கு." அத்தனை மருந்தும் உள்ளே போயிருந்தால் டீச்சர் இந்நேரம் பறந்தே இருப்பார் என்று பிசியோ மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வார்.

இன்றைக்கு அவள் முன்னமே கிளம்பிப் போயிருந்தாள். ஹாலில் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். உடம்பு விசாரிக்க வந்தவர்கள் மாதிரி இல்லை. அடகு வைத்ததை மீட்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"அத்தை எப்ப டாக்டர் நடப்பாங்க?" மாப்பிள்ளை பிசியோவை வாசலிலேயே மடக்கினார். "என் சட்டையெல்லாம் இஸ்திரி போடாம கிடக்கு. அம்மாவுக்கு வெந்நீர் வச்சுக் கொடுக்க ஆள் இல்லை. இவங்க நடந்துட்டா இன்னைக்கே அவளைக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

மாப்பிள்ளையின் கைகள் இரண்டும் நல்ல நிலையில் இருப்பதை பிசியோ தொழில்முறையில் கவனித்துக்கொண்டார்.

"இவருக்குக் கைராசியே இல்லைடா" என்றார் சம்பந்தியம்மா, அவர் காதில் விழும்படியாகவே.

அந்த எரிச்சலோடுதான் பிசியோ அறைக்குள் வந்திருந்தார். இத்தனை நாளும் அலறியே தொடவிடாமல் வைத்திருந்த காலை, இன்று அலறலைக் காதில் வாங்காமல் தொடையில் அழுத்திப் பார்த்தார்.

கை அப்படியே நின்றது. நடக்காத காலில் சதை தொளதொளவென்று இருக்கும். இது கல் மாதிரி இருந்தது.

"டீச்சர்," என்றார் மெதுவாக. "நீங்க நடக்கிறீங்க."

அலறல் சட்டென்று நின்றது.

"என் மானத்தை வாங்கிட்டீங்களே! எழுந்திருங்க. வாக்கர் இல்லாம இப்பவே ஹாலுக்கு நடந்து வாங்க. என் கைராசியை அந்தம்மா கண்ணால பார்க்கட்டும்."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உடும்புப் பிடி.

"நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட நான் விடலை தம்பி. நீங்க போனதும் கதவைச் சாத்திட்டு நடப்பேன். முதல்ல ஹால் வரைக்கும், அப்புறம் சமையலறை வரைக்கும். வலிச்சா உட்கார்ந்துடுவேன். இப்போ மாடிக்கே ஏறிடுறேன். ஆனா இன்னைக்கு அவங்க முன்னாடி மட்டும் நடக்க வைக்காதீங்க. நான் நடந்தா அவ போயாகணும்."

"போகட்டுமே! இங்க இருந்து மட்டும் என்ன கிழிக்கிறா? எப்பப் பார்த்தாலும் மருந்துக் கடை..."

"மருந்துக் கடை இல்லை. காலேஜ்." டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்க வைக்கிறோம்னு சொல்லித்தான் கட்டிட்டுப் போனாங்க. கடைசிப் பரீட்சையை எழுத விடலை. அந்த வீட்டுல அவளுக்கு லீவு கிடைச்சதே என் இடுப்பு தேஞ்சதாலதான். அவ எழுதி முடிக்கட்டும் தம்பி."

மருந்துக் கடை என்று தான் நக்கலடித்ததை நினைத்து பிசியோவுக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன டாக்டர், நடப்பாங்களா மாட்டாங்களா?" ஹாலிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் அதட்டியது.

பிசியோ குனிந்தார். "பரீட்சை எப்ப முடியுது?"

"இந்த மாசக் கடைசியில."

முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பிசியோ ஹாலுக்குப் போனார்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது. தொடையில சதையே பிடிக்கலை. அவசரப்பட்டு நடக்க வச்சா புது மூட்டு நழுவிடும். அப்புறம் உங்க மருமக ஆயுசுக்கும் இங்கேதான் இருக்கணும். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்காதீங்க."

மாப்பிள்ளை தன் கசங்கிய சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"எங்க தெருவுல இன்னொருத்தங்களுக்கு இடுப்பு ஆபரேஷன். உங்களைச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றபடி சம்பந்தியம்மா எழுந்தார். "இனிமே வாயைத் திறக்க மாட்டேன். நல்ல வைத்தியம்!"

"உங்க இஷ்டம்மா" என்றார் பிசியோ, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் டீச்சர் வாக்கர் இல்லாமல், அலட்டிக்கொள்ளாமல், ஹாலுக்கு நடந்து வந்தார்.

"இந்த மாசக் கடைசின்னுதானே சொன்னேன் தம்பி? நீங்க எதுக்கு இன்னொரு மாசம் சேர்த்தீங்க?"

"பரீட்சை எழுதிட்டா போதுமா டீச்சர்? ரிசல்ட் வந்து, அவ ஒரு வேலையில சேர வேண்டாமா?"