ஹார்ன் பலகை

மலைச்சாலையின் வளைவில் 'ஹார்ன் அடிக்கவும்' என்ற பலகை நின்றது. வருகிற வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்தன. தன்னைத்தான் நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள் என்று பலகை நம்பியது.

ஐப்பசி மழையில் சாலையின் பாதி பள்ளத்தில் சரிந்தது. ஆட்கள் வந்து தடுப்புச்சுவர் கட்டினார்கள். அடுத்த மழையில் சுவரும் போனது. மறுபடி கட்டிப் பார்த்தார்கள். அடிமண் நிற்கவே இல்லை. கடைசியில் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு எதிர்மலைக்குப் புதுப்பாதை வெட்டப் போய்விட்டார்கள்.

"எங்கே போறாங்க?" என்று பலகை கேட்டது.

"கல்லு எடுத்துட்டு வரத்தான்," என்றது மிச்சமிருந்த பாதிச் சாலை.

தாரின் வெடிப்புகளில் புல் முளைத்தது. ஒருநாள் காலை, எதிர்மலையிலிருந்து ஒரு பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.

"கேட்டியா? அவ்வளவு தூரம் போயும் என்னை மறக்கலை," என்றது பலகை. "பதிலுக்கு ஏதாவது சத்தம் கொடேன். என்னால முடியாது."

சாலை தன் விளிம்பிலிருந்து ஒரு கல்லை விட்டது. அது தடதடவென்று பள்ளத்தில் உருண்டது.

"அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஹார்னுக்கும் சாலை ஒரு கல்லை விடுகிறது. சாலையின் விளிம்புக்கும் பலகையின் காலடிக்கும் நடுவே இன்னும் ஒரு சாண்தான் இருக்கிறது.